தகரக் கொட்டகையில் ஐந்து கார்கள்

போன வருடம் மார்ச்சில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிப்போனார். டெட்ராய்ட் ஆலைகளில் நாற்பது வருடம் டூல் அண்ட் டை, அதாவது அச்சும் கருவியும் செய்யும் வேலை பார்த்தவர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஒருவர் வந்து, கொட்டகையில் இருக்கும் ஐந்து கார்களையும் மொத்தமாக 75,000 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன், கையில் ரொக்கம், என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியவரின் மனைவி, அந்த அம்மா, வேலி ஓரம் நின்று என்னைக் கேட்டார்: "நீ கார் கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாய், இது நியாயமான விலையா?"

நான் எழுதுவது சீட் பெல்ட் சென்சாருக்கான மென்பொருள். இருந்தாலும் அந்தக் கொட்டகைக்குள் போய்ப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. "கொஞ்சம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' பதினான்கு மாதம் ஆனது.

கொட்டகையில் இருந்தவை மசில் கார்கள். மசில் கார் என்றால், நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய வண்டியின் வி8 இன்ஜினைத் திணித்து, இளவட்டங்களுக்கு எட்டுகிற விலையில் விற்றது. 1964இல் பான்டியாக் ஜிடிஓ தொடங்கி வைத்தது. இன்சூரன்ஸ் கட்டணம், புகை விதிகள், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து முடித்து வைத்தன. பெரியவரின் ஐந்தும் அந்தக் காலத்தவை: 1966 ஜிடிஓ, 1969 கமேரோ இசட்/28, 1969 மஸ்டாங் மாக் 1, 1970 செவெல், 1970 பிளிமத் ரோட் ரன்னர். செவெல் மட்டும் துணி உறைக்குள் செக்கச்செவேலென்று பளபளத்தது. மற்ற நான்கின் மேலும் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. ரோட் ரன்னரின் பின்சீட்டில் எலிகள் மூன்று தலைமுறையாவது வாழ்ந்திருக்கும். மாஸ்க் போடாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டிகள் அவர் பெயரில் மட்டும் இருந்ததால், மிச்சிகன் நீதிமன்றத்திலிருந்து அந்த அம்மாவுக்கு 'லெட்டர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி' (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம்) வரும்வரை ஒரு சக்கரத்தைக்கூட விற்க முடியாது. வக்கீல் இன்னொன்றும் சொன்னார்: அவர் இறந்த தேதியில் ஒவ்வொரு வண்டியும் என்ன பெறும் என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். வாரிசுக்கு வரும் சொத்தின் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். 1969இல் கொடுத்த காசை வைத்து லாபக் கணக்குப் போட்டு வரி கட்ட வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்குக் கொடுத்த பணத்தைவிடப் பயனுள்ள செலவு நாங்கள் செய்யவில்லை.

முதல் குழப்பம் விலையில் வந்தது. ஷூ பெட்டி ஒன்றில் இன்சூரன்ஸ் தாள்கள் இருந்தன. அதில் செவெலுக்கு 70,000 டாலர் என்று போட்டிருந்தது. அந்த அம்மா அதையே விலை என்று பிடித்துக்கொண்டார். அது 'ஒப்புக்கொண்ட மதிப்பு'. வண்டி நொறுங்கினால் கம்பெனி தர ஒப்புக்கொண்ட தொகை, அவ்வளவுதான். இணையத்தில் பார்க்கும் விலைகளும் பெரும்பாலும் கேட்கிற விலைகள். வருடக்கணக்கில் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகைகளை மட்டும் ஒரு ஷீட்டில் ஏற்றினேன். பழைய கார்களுக்கு இன்சூரன்ஸ் தரும் ஹாகர்ட்டி கம்பெனியின் விலைக் கருவி வண்டியின் நிலையை நான்காகப் பிரிக்கிறது, ஒன்றாம் நம்பர் கண்காட்சித் தரம். சொந்தக்காரர் எல்லோரும் தன் வண்டி இரண்டாம் நம்பர் என்பார். எங்களுடைய ஐந்தில் மூன்று வண்டிகள் நாலாம் நம்பர்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒரு வண்டி அது சொல்லிக்கொள்கிற வண்டிதானா?

பிளிமத் இதில் நேர்மையானது. ரோட் ரன்னரின் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், ஆர்எம்23என்0 என்று தொடங்கியது. ஆர்எம் என்றால் ரோட் ரன்னர், என் என்றால் 383 கன அங்குல இன்ஜின், கதை முடிந்தது. ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. 1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவுகளைப் பார்த்து உங்கள் வண்டி என்னென்னவோடு ஆலையை விட்டு வந்தது என்று எழுதித் தருவார்கள். பான்டியாக்குக்கு பிஹெச்எஸ் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) இருக்கிறது. ஆலைப் பதிவின் நகலே வரும். எங்கள் ஜிடிஓவின் தாள் வந்த அன்று நான் ஆபீஸில் இருந்தேன். மூன்று கார்பரேட்டர் கொண்ட ட்ரை-பவர், நாலு கியர், 360 குதிரைத்திறன். ட்ரை-பவருக்கு 1966தான் கடைசி வருடம். அதற்கு மேல் அன்று கோட் எழுத ஓடவில்லை.

செவெலும் கமேரோவும் செவ்ரோலே வண்டிகள், அங்கேதான் சிக்கல். 1970 செவெலின் வின் நம்பர் 13637 என்று தொடங்கினால் அது வி8 மலிபு இரண்டு கதவு வண்டி என்பதுதான் தெரியும். எங்களுடையது எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) தோற்றத்தில் நின்றது. எஸ்எஸ் என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பு, நம்பரில் வராது. அதனால் சாதா மலிபுவுக்கு பானட்டும் பட்டையும் ஒட்டி எஸ்எஸ் ஆக்கியவை நாடு முழுக்க ஓடுகின்றன. ஆலையின் பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள்) பெட்ரோல் டேங்கின் மேலோ, சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ செருகிக் கிடக்கும் என்றார்கள். இரண்டு இடத்திலும் எதுவும் இல்லை. கடைசியில் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் பின் ஆக்ஸில் வரை நகர்ந்தேன். 396 கன அங்குல இன்ஜின் போட்ட எஸ்எஸ் 396 என்றால் ஆக்ஸில் மூடியில் பன்னிரண்டு போல்ட் இருக்க வேண்டும். எண்ணினேன், பத்து. அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

விடையும் அந்த ஷூ பெட்டியிலேயே இருந்தது. 1988இல் 'மலிபு' என்று எழுதி வாங்கிய ரசீது, அதன் பின்னால் எஸ்எஸ் பானட் வாங்கிய பில். பெரியவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா ரசீதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்குக்கூடச் சொல்லவில்லை பார்."

கமேரோ இதற்கு நேர் எதிர். அதைப் பெரியவர் இருபத்திரண்டு வயதில் புத்தம் புதிதாக வாங்கியிருக்கிறார். இசட்/28 என்ற வேக வகையும் வின் நம்பரில் தெரியாது. ஆனால் நார்வுட் ஆலையில் 1968 டிசம்பருக்குப் பிறகு செய்தவற்றின் உடல் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருந்தால் அது இசட்/28. எங்களுடையதில் எக்ஸ்77. சரி, அடுத்து இன்ஜின். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு தட்டையான இடம், அதில்தான் முத்திரை. அங்கே கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ படக் கூடாது. ஆலை எந்திரம் விட்ட மெல்லிய கோடுகள் அழிந்தால், முத்திரையை மாற்றி அடித்ததாகச் சந்தேகப்படுவார்கள். துணியில் கார்ப் கிளீனர் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். இசட்/28 இன்ஜினுக்கான குறி டிஇசட் என்று வரும் என்று பார்த்தால் சிஇ என்று வந்தது.

சிஇ என்றால் வாரன்ட்டியில் மாற்றிக் கொடுத்த பிளாக். பழைய வாரன்ட்டிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த உலோகத் தகட்டில் முதல் இன்ஜினின் டிஇசட் தெளிவாக இருந்தது. டெட்ராய்டின் உட்வர்ட் சாலையில் ராத்திரி ரேஸ் ஓட்டி இன்ஜினை உடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல டீலரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார் என்பது என் ஊகம். ஆலையில் பொருத்திய அதே இன்ஜின் இருக்கும் 'நம்பர் பொருந்தும்' வண்டி என்ற பட்டம் போயிற்று. ஆனால் ஒரே சொந்தக்காரர், முழுக் காகிதம், மறைக்காத கதை.

இதற்கிடையில் அவர்களுடைய உறவுப் பையன் ஒருவன் பிரஷர் வாஷரோடு வந்து நின்றான். நல்ல வேளை, நான் அப்போது வீட்டில் இருந்தேன். நெப்ராஸ்காவில் பியர்ஸ் என்ற ஊரில் லாம்ப்ரெக்ட் டீலரின் வண்டிகளை 2013இல் தூசியோடுதான் ஏலம் விட்டார்கள், 1.3 மைல் மட்டும் ஓடிய 1958 கேமியோ பிக்கப் 1,40,000 டாலருக்குப் போனது. படத்தைக் காட்டியதும் பையன் அடங்கினான். எலி எச்சத்தை மட்டும் எடுத்தோம்.

ஓடாத வண்டியைச் சாவி திருகிப் பார்ப்பது பெரும் பாவம். ஜிடிஓவின் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு ஒரு வாரம் விட்டோம். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கம்பி மாட்டிக் கையால் சுற்றினோம். டேங்கிலிருந்து வார்னிஷ் வாடையோடு இறங்கியது பெட்ரோல் என்று சொன்னால்தான் தெரியும். தனி கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து அது முதலில் இருமியபோது அந்த அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

விற்பதில் ஒரே வழியைப் பிடித்துத் தொங்கவில்லை. பெரிய மேடை ஏலத்துக்குக் கொண்டுபோனால் லாரிச் செலவு, பதிவுக் கட்டணம், கமிஷன் எல்லாம் நம் தலையில். இருபது லட்சம் டாலர் வண்டிக்கு அது சரி. ஜிடிஓவையும் கமேரோவையும் ஆன்லைன் ஏலத்தில் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் இருநூறு படம், அடிப்பகுதி, துரு, குறையுள்ள இடம் எல்லாம். சிஇ பிளாக்கை முதல் பத்தியிலேயே எழுதினோம். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போகும். ஜிடிஓவுக்கு அப்படியே இருபத்தைந்து நிமிடம் இழுத்தது.

ஜிடிஓ 58,000. கமேரோ 49,000. செவெலை 'எஸ்எஸ் போலச் செய்த மலிபு' என்றே எழுதி உள்ளூரில் 36,500க்குக் கொடுத்தோம். வாங்கியவர் நம்பருக்காக வாங்கவில்லை, ஓட்ட வாங்கினார். பிரேக் இறுகிப்போன மஸ்டாங் 21,500. ரோட் ரன்னருக்கு டைட்டிலே, அதாவது உரிமைப் பத்திரமே, காணவில்லை, நகல் எடுக்கவே ஆறு வாரம். எலிகளோடு சேர்த்து 13,500. மொத்தம் 1,78,500. காசோலை எதையும் வாங்கவில்லை. வங்கியில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. கூடுதல் தொகைக்கு காசோலை அனுப்பி மிச்சத்தைத் திருப்பிக் கேட்ட ஒரு ஆசாமியும் வந்து போனார்.

மூடிய டிரெய்லரில் ஜிடிஓ போன இரண்டு வாரம் கழித்து வாங்கியவர் போன் செய்தார். ரேடியோவின் இடப்பக்கக் குமிழ் இல்லையாம், எங்காவது கிடக்குமா என்று கேட்டார். கொட்டகை ஜன்னல் விளிம்பில் ஒரு காபி டப்பா இருந்தது. அதில் மரை, வாஷர், துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே பெரியவர் அந்தக் குமிழைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அந்த அம்மா அதைத் துடைத்து, உறையில் போட்டு, தபால் செலவுக்குக் காசு வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்.