மட்டாஞ்சேரியில ரெண்டு ஜெப ஆலயம்

2020 ஜனவரில கொச்சி போயிருந்தப்போ எல்லாரையும் மாதிரி யூதத் தெருவுக்குப் போனேன், ஏலக்கா வாசனையும் பழைய பித்தளைச் சாமான் கடைங்களும் தாண்டி தெரு முடியுற இடத்துல 1568-ல கட்டின பரதேசி சினகாக், அதாவது வெளியில இருந்து வந்து குடியேறின பரதேசி யூதர்களோட ஜெப ஆலயம். செருப்ப கழட்டிட்டு உள்ள போனா சீனாவுல இருந்து வந்த நீல வெள்ளை ஓடு கால்ல சில்லுனு படுது. எல்லாரும் சரவிளக்க அண்ணாந்து பாத்துட்டு கெளம்புறாங்க, எனக்கு மட்டும் முன் ரூம விட்டு நகர மனசு வரல.

அடிமையா இருந்து விடுதலையானவங்களோட வாரிசுகள, அதே தோரா (யூத வேதம்) படிச்சு அதே சனிக்கிழமை ஓய்வு இருந்தவங்கள, இந்த முன் ரூம் தாண்டி சமமா உக்கார விடல. அந்தக் குடும்பத்துல பொறந்து வக்கீலான ஏ.பி. சேலம் காந்தி வழியில சத்தியாகிரகம் பண்ணித்தான் உள்ள இடம் வாங்கினார்.

இது ஒரு சண்டை. இன்னொண்ணு மலபாரி யூதர்களோட, அதாவது பரதேசிங்களுக்கு முன்னாடியே இங்க இருந்தவங்களோட. பரதேசிங்கள வெள்ளை யூதர்னும் மலபாரிங்கள கறுப்பு யூதர்னும் சொல்வாங்க. 'நாங்கதான் சுத்த வம்சம், அவங்க மதம் மாறின அடிமைங்க'னு பரதேசிங்க சொல்ல, 'ஸ்பெயின்ல இருந்து நேத்து வந்த நீங்க எங்க வரலாற எடுத்துக்கிட்டீங்க'னு மலபாரிங்க சொல்ல, கடைசில 16-ம் நூற்றாண்டுலயே கெய்ரோவுல இருந்த ரபி (யூத மதகுரு) டேவிட் இபன் சிம்ராவுக்கு கடுதாசி போயிருக்கு. சடங்கு முறைப்படி முழுக்கு போட்டா மலபாரிங்களோட தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்னு அவர் தீர்ப்பு சொல்லியும் பரதேசிங்க கேக்கல, நானூறு வருஷம் கேக்கல! பேர்லயே வந்தேறின்னு அர்த்தம் இருக்குறவங்க இந்த மண்ணோட மூத்த வாரிசுனு சொல்லிக்கிட்டது எனக்கு ஏத்துக்க முடியல.

ரெண்டு பேரும் சாட்சிக்கு கூப்பிட்டது ஒரே செப்பேடு. கி.பி. 1000 வாக்குல சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் (வணிகக் குழு) 72 உரிமையும் கொடுத்தது. எழுத்து நம்ம நடுகல்லுங்கள்ல இருக்குற அதே வட்டெழுத்து. அதுல கறுப்பு வெள்ளைனு ஒரு வார்த்தை கிடையாது, ஆனா ஏடு பரதேசிங்க கையில இருந்துச்சு, அதனால அவங்க கதையே ஊருக்கெல்லாம் போச்சு.

மலபாரிங்களோட கடவும்பாகம் ஜெப ஆலயத்துக்கு வழி கேட்டேன். கடைக்கார சேட்டன், "கறுத்த ஜூதன்மாரோட பள்ளியா, அவிடெ ஒண்ணும் இல்ல மோளே"ன்னார். 1544-ல கட்டினது, அதாவது அந்த சினகாக்க விட மூத்தது. உள்ள இருந்த மரவேலை ஜெருசலேம் மியூசியத்துல இருக்கு, நடுவுல கயிறு குடோனா கூட கெடந்திருக்கு, 2019 மழையில முகப்பு சரிஞ்சு விழுந்துடுச்சு. நான் போனப்போ அங்க டிக்கெட்டும் இல்ல, கூட்டமும் இல்ல. மிச்சமிருந்த செவுத்துல கை வெச்சுப் பாத்தேன், சுண்ணாம்பு பொலபொலன்னு கையோட வந்துச்சு.