தோட்டப்பள்ளியில் படகு, வேலூரில் நான்

பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்குப் படகுப் பயணம் எதற்கு என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, வேலூர்ப் பாலத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். மணலும் முள்செடியுமாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் அவ்வளவு தண்ணீர். ஒரு வாரமாவது தண்ணீர் மேலேயே இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது.

போன ஜனவரியில்தான் அது கைகூடியது. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை காயலும் கால்வாயுமாக 168 கிலோமீட்டர். 1993இல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவித்த பாதை. மச்சான் ஆம்பூரிலிருந்து கொச்சிக்கு ஷூ பெட்டி ஏற்றிப்போகும் லாரி டிரைவர். கொல்லத்தில் ஒரு மீனவர் அவருக்குப் பழக்கம். அந்த மீனவருடைய ஃபைபர் படகை, 15 குதிரைத்திறன் இன்ஜினோடு, ஆறு நாளைக்கு வாடகை பேசினோம். மாற்று பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பேனர் செட் எல்லாம் எடுத்து வைத்தேன். கையளவு ரப்பர் சக்கரம் ஒன்றை மட்டும் நினைக்கவில்லை.

அஷ்டமுடி, காயங்குளம் காயல், திரிக்குன்னப்புழாவில் மதகுக் கதவு திறக்கக் காத்திருந்தது, இதெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். மூன்றாம் நாள் தோட்டப்பள்ளிக்கு அருகே ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் படகு நுழைந்தது. அங்கே அதைப் போள என்கிறார்கள். கொஞ்ச தூரத்திலேயே பெயிண்ட் சூடாகிற வாசனை. இருபத்தேழு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன், அந்த வாசனை எனக்கு உடனே பிடிபடும். “மாமா, பின்னாடி தண்ணி வரல பாருங்க” என்று மச்சான் சொன்னதும் இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

இந்த வகை இன்ஜின் ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்கிறது. உறிஞ்சுவது அடியில் இருக்கும் இம்பெல்லர், அதாவது இறக்கை வைத்த ரப்பர் சக்கரம். சுற்றிவந்த தண்ணீரில் ஒரு சிறு தாரை பின்பக்க ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் இன்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். களை வாயை அடைத்துவிட்டால் இம்பெல்லர் வெறுமனே சுற்றும், தண்ணீர் இல்லாமல் சில நொடியிலேயே ரப்பர் கிழியும். கழற்றிப் பார்த்தோம். ஆறு இறக்கையில் இரண்டுதான் மிச்சம். கியர் ஆயிலும் மோர் நிறத்தில் வந்தது. ஷாஃப்ட்டைச் சுற்றி அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஸ்பேர் விற்கும் ஒரு கடைக்குப் போன் செய்தோம். “நாலு நாளில் வந்துவிடும்” என்றார்கள். படகைத் தெரிந்த ஒருவர் வீட்டுப் பின்புறம் கட்டிவிட்டு, இன்ஜினின் கீழ்க்கால் பகுதியை மட்டும் கழற்றிக் கோணிப்பையில் சுற்றி ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறினேன். நடுராத்திரி தாண்டிக் காட்பாடியில் இறங்கினேன். வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள், கியர் ஆயில் நாற்றம் அப்படி.

சீல் வேலை ஒரே நாளில் முடிந்தது. சீலின் முகத்திலேயே உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் பொறித்திருக்கும். அதைச் சொன்னதும் வேலூர் பேரிங் கடையில் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் பழைய சீல் உரசி உரசி ஷாஃப்ட்டில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் திரும்ப ஒழுகும். ராணிப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் என் கூட்டாளி பள்ளத்தின்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு வளையம் கடைந்து சீலுக்கு அடியில் போட்டார். சீலின் உதடு தேயாத இடத்துக்கு ஏறிக்கொண்டது. டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி, காசு வாங்கவில்லை.

இம்பெல்லர்தான் வரவில்லை. கம்பெனி அச்சில் மட்டுமே வருகிற பொருள், அளவு சொல்லி வாங்க முடியாது. ஐந்தாம் நாள் கேட்டால் “நாளைக்கு”. எட்டாம் நாளும் “நாளைக்கு”. பத்தாம் நாள் ஒரு பொட்டலம் வந்தது. நடு ஓட்டை சின்னது, வேறு மாடலுக்கானது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் “நாளைக்கு”.

அது நவரைப் பட்டம், நெல் நடவுக் காலம். கடை நிறையக் கருகிய மோட்டார்கள். ஊசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கிணற்று மோட்டாரைக் கொடுத்துவிட்டு மூன்றாவது தடவையாக வந்து நின்றார். நான் வழக்கம்போல, “நாளைக்கு வாங்கம்மா” என்றேன்.

“இன்னா தம்பி, நாளிக்கு நாளிக்குன்றே. எந்த நாளுன்னு சொல்லு. நாலு நாளாவும்னா பக்கத்துக் கெணத்துல காசு குடுத்துத் தண்ணி வுட்டுக்கிறேன். நாளிக்குன்னு நம்பிக்கினே நாத்து காயுது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அரை மணி நேரம் முன்னால்தான் போனில் அந்தக் கடைக்காரரிடம் இதையேதான் கேட்டிருந்தேன். பத்தொன்பது நாள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் கொல்லத்துக்காரர் வேறு இன்ஜின் மாட்டிப் படகைத் தொழிலுக்குக் கொண்டுபோயிருப்பார். நாளைக்கு, நாளைக்கு என்றதால் அவர் வருமானம் தோட்டப்பள்ளியில் கட்டிக் கிடந்தது.

அந்த அம்மாவின் மோட்டார் தாமதமானதற்குக் காரணம் இருக்கத்தான் செய்தது. கருகிய காயிலை வெட்டி எடுத்து, காயில் உட்காரும் ஸ்லாட்டைச் சுரண்டி, பேப்பர் போட்டு, புதுக் கம்பி சுற்றி முடித்தாலும் வார்னிஷ் காய வேண்டும். காயில் சுற்றிய கூடான ஸ்டேட்டருக்குள் 200 வாட் பல்பைத் தொங்கவிட்டுத்தான் காய வைக்கிறேன். பிசுபிசுப்போடு பூட்டினால் ஒரு மாதத்தில் மறுபடியும் புகையும். ஆனால் இதை நான் அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ளே அழைத்துப்போய்ப் பல்பைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதுக்கு முன்னாடி முடியாதும்மா” என்றேன். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு அட்டை தொங்குகிறது. எந்த வேலையில் நிற்கிறது, என்றைக்குக் கிடைக்கும் என்று அதில் எழுதிவிடுகிறேன். தேதி தள்ளினால் நானே போன் செய்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் சரியான இம்பெல்லர் வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டேன். மச்சானும் லாரியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்தார், இருவரும் தோட்டப்பள்ளிக்குத் திரும்பினோம்.

புதுசைப் போடும் முன்னால் ஒரு வேலை இருந்தது. பிய்ந்துபோன நாலு இறக்கையும் தண்ணீர்ப் பாதைக்குள்தான் எங்கோ இருக்க வேண்டும். அவற்றை எடுக்காமல் ஓட்டினால் மறுபடியும் அடைக்கும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துத் துழாவினேன். மூன்று துண்டு சீக்கிரம் வந்துவிட்டது. நாலாவது வர மத்தியானம் ஆகிவிட்டது. நாலையும் பலகையில் வரிசையாக வைத்து, பழைய சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தபிறகுதான் மூடியைப் பூட்டினேன்.

கொல்லத்துக்காரருக்குப் போன் போட்டு, நின்ற நாளுக்கும் வாடகை தருகிறேன் என்றேன். பாதி போதும் என்றார். முழுசாகவே அனுப்பிவிட்டேன்.

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்பக்க ஓட்டையில் முதலில் காற்று, அப்புறம் அழுக்காகக் கொஞ்சம், அப்புறம் தெளிவாக ஒரு தாரை. கையை நீட்டிப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மச்சான் கட்டை அவிழ்த்தார். போள இருந்த பக்கத்தை விட்டு, கால்வாயின் நடுவாகவே மெதுவாக ஆலப்புழா நோக்கி விட்டோம்.