விண்வெளிக் காயலாங்கடைக்கு அனுமதி வாங்கிய கதை

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் நாடகம் போட ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அடுத்து அலையப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நாடகம் ஒரு காயலாங்கடைக் கப்பலைப் பற்றியது. கடலில் ஓடுவதல்ல, வானத்தில். செத்துப்போன சாட்டிலைட்டுகளைப் பிடித்து உடைத்து விற்கும் கூலியாட்கள் அதில் இருக்கிறார்கள். செட்டுக்கு ஓசூரில் தகரமும் வாஷிங் மெஷின் டிரம்மும் எடைக்கு வாங்கினோம். டிரம்தான் கப்பலின் ஏர்லாக் கதவு, அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் ஆட்கள் வந்து போகும் அறையின் கதவு. ஒத்திகையும் நன்றாகவே போனது. சனியன் பிடித்தது பேப்பரில்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் ரைட்டர் கதைச்சுருக்கம் கேட்டார். நாடகக் கதையை முன்கூட்டியே கேட்க வழி செய்த 1954ஆம் வருட நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றமே 2013இல் ரத்து செய்துவிட்டது. அதைச் சொல்லி வாதாடலாம், ஆனால் பண்டிகை நமக்காக நிற்காது. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்தவன் சாட்டிலைட்டை எடுத்து விக்கிறானுங்க. திருட்டுக் கதையாப்பா?"

"இல்லைங்க சார். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி செத்த சாட்டிலைட்டும் சொந்தக்கார நாட்டுதுதான். தொடணும்னா அவங்க கடுதாசி வேணும். அது வராம கப்பல்காரங்க காத்துக் கெடக்கறதுதான் கதையே."

"எந்த நாடு?"

1958இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு என்ற சாட்டிலைட் இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றரைக் கிலோகூடத் தேறாத உருண்டை. அதற்கு இவ்வளவு பேர் அடித்துக்கொள்வதுதான் எங்கள் நாடகத்தின் சிரிப்பு. அமெரிக்கா என்றதும், நாட்டுப் பெயரை அடித்துவிட்டு வா என்றார் ரைட்டர். இப்போது மேடையில் அது "ஒரு நாடு". கைதட்டல் கூடியதுதான் மிச்சம்.

அடுத்து இடம். திடல் புறம்போக்கு என்பதால் வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லவில்லை. போனால் அலுவலகம் பூட்டு. அவர் ஜமாபந்திக்காக, அதாவது வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கைக்காக, தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். ஜமாபந்தி நேரத்தில் போன் பண்ணாமல் கிளம்பாதீர்கள், வெயிலும் பஸ் காசும் தண்டம்.

மனுவைக் கொடுக்கும்போது நகலில் சீல் போட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் நாடகத்தில் கப்பலுக்கு வெளியே வேலை செய்பவனுக்கு இரண்டு கயிறு. ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்றணும் என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். சீல் வாங்காமல் அசலைக் கொடுப்பதும் கொக்கி மாட்டாமல் கயிற்றை அவிழ்ப்பதும் ஒன்றுதான். எங்கள் மனுவைக் "காணோம்" என்றபோது அந்த நகல்தான் காப்பாற்றியது.

மைக் பத்து மணிக்கு மேல் கிடையாது. விடிய விடியக் கூத்து பார்த்த ஊரில் இதைச் சொன்னால் பெரியவர்கள் நம்மைத்தான் முறைக்கிறார்கள். ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். காதல் பாட்டை வெட்டினேன். கப்பல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளைக்கு 16 விடியல். எந்த விடியலுக்கு டீ போடுவது என்று சமையல்காரர் போடும் சண்டையை மட்டும் யார் சொல்லியும் தொடவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்து காவேரிப்பட்டணத்தில் போடக் கேட்கிறார்கள். அங்கே இடம் அறநிலையத்துறைக் கோயிலுடையது, செயல் அலுவலரிடம் கடிதம் வாங்கணுமாம். வாங்கியவர்கள் யாராவது இருந்தால் என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.