ஆள் முந்தி, குழாய் பிந்தி

மார்ச் 2

அம்மாவுக்கு ஸ்கேன் தேதி கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 9. "அதுக்கு முன்னாடி எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டேன். "இதுவே ஒருத்தர் வரலைன்னு சொன்னதால கிடைச்சதுங்க" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அவரைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. காலையிலிருந்து எல்லோருக்கும் இதே பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டையே கட்டியிருந்தது. இயந்திரம் ஒன்றுதான். அதை வாங்கிய காலத்தில் இந்தப் பக்கம் பாதி காலி மனையாகக் கிடந்தது, இப்போது மூன்று புறமும் அடுக்குமாடி. ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், இரண்டாவது இயந்திரம் வரவில்லை.

மார்ச் 3

ராத்திரி முழுக்க இருமல்.

மார்ச் 6

எதிர் மனையில் அஸ்திவாரத்துக்குப் பைல் தூண் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்துவிடுகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அம்மா கண்ணை மூடினால் போதும், அடுத்த இடி. சாலைப் போக்குவரத்து இரைச்சல் சராசரியாக 53 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. இதய நோய் போன்ற கேடுகள் அதற்கு மேல் போகப் போகக் கூடும் என்பதால்தான் அந்த எண். எங்கள் தெருவில் நள்ளிரவில்கூட அந்த அளவுக்கு அடங்குமா, தெரியவில்லை.

அந்த மனையில் ஒரே ஒரு வீடு இருந்தது. முன்னால் ஒரு கிணறு, பின்னால் மரங்கள், குடியிருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். இப்போது 16 மாடி வரப்போகிறது. வரட்டும், வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும்தானே. என் கவலை வேறு. நாலு பேர் கழுவிய தண்ணீர் போன குழாயில் இனிமேல் எத்தனை குடும்பத்துத் தண்ணீர் போகும்?

மார்ச் 7

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

மார்ச் 8

லாரி ராத்திரி ஒரு மணிக்கு வந்தது. சம்ப்பில் குழாயை இறக்கிவிட்டு டிரைவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டார். எழுப்பினால், "இன்னும் நாலு வீடு இருக்கு தம்பி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நகரம் ஓடுகிறது என்று சொல்கிறோமே, அது இப்படித் தூங்காத ஆட்களை வைத்துத்தான் ஓடுகிறது.

மார்ச் 11

இன்று அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

புதுக் கட்டடத்துக்காகச் சாலையோரம் இடுப்பளவு தோண்டிப் போட்டிருந்தார்கள். பழுப்பு நிறப் பீங்கான் சாக்கடைக் குழாய், அதன் வாய் என் கையால் ஒரு சாண்கூட இல்லை. இணைப்பில் சிமென்ட் பெயர்ந்து அந்த இடுக்கு வழியாக மர வேர் உள்ளே போயிருக்கிறது, சுற்றிலும் மண் கறுத்து ஊறிக் கிடந்தது. அதே பள்ளத்தில் ஒரு முழம் தள்ளிக் குடிநீர்க் குழாய். மேஸ்திரியிடம் கேட்டேன், "அண்ணே, புதுக் கட்டடத்து லைனும் இதுலதான் சேருதா?" "வேற எதுல சேர்க்கறது தம்பி? தெருவுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

குடிநீர்க் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும், வெளி அழுக்கு உள்ளே போகாது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊரில் குழாய் காலியாகும் நேரத்தில் அந்த அழுத்தம் போய்விடுகிறது, விரிசல் இருந்தால் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் எந்நேரமும் விடப் போதாது என்பதால் முறை வைத்து விடுகிறார்கள், முறை வைப்பதாலேயே தண்ணீர் கெடுகிறது. கூட்டம் கூடிப்போச்சு என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறோம், அது உடம்புக்குள் போகும் வழி இந்தப் பள்ளத்தில் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குடிக்கிற தண்ணீரை இன்னொரு முறை கொதிக்கவைத்தேன்.

மார்ச் 12

தூக்கம் வராமல் லண்டன் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1801-இல் சுமார் 10 லட்சம் பேர் இருந்த ஊர், நூறு வருடத்தில் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கழிவு முழுக்கத் தேம்ஸ் ஆற்றில். 1854-இல் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்கள் வீட்டை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, ஒரு தெருப் பம்பைச் சுற்றியே சாவு குவிந்திருப்பதைக் காட்டினார். அப்போதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1858 கோடையில் ஆற்று நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள். பேசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டிய சாக்கடை இன்றும் ஓடுகிறது. அன்றைக்கு இருந்தவர்களோடு இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார் அந்த மனிதர். அதுவும் போதாமல்தான் இப்போது ஆற்றடியில் ஒரு பெரிய சுரங்கக் குழாய் கட்டி 2025-இல் முழுதாக இணைத்திருக்கிறார்கள்.

நாற்றம் ஆளுகிறவர்களின் மூக்குக்கு எட்டும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 15

மேல்வீட்டு அண்ணன் இன்றைக்கும் அதையே சொன்னார். "எல்லாம் வெளியூர்க்காரங்க வந்து குவிஞ்சதாலதான்." நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அம்மாவுக்கு ஊசி போட்ட நர்ஸ் யார், ராத்திரி ஒரு மணிக்கு லாரி ஓட்டியவர் யார், அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்கிறவர்கள் யார்? அண்ணனின் அப்பாவே வேலை தேடி வந்தவர்தான். அவர் வந்தபோது இடம் இருந்தது, இப்போது வருகிறவனுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் நிறைய இருப்பதே நோய் என்றால் டோக்கியோ என்றைக்கோ செத்திருக்க வேண்டும். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் 3 கோடிக்கு மேல் மக்கள். போர் முடிந்த 1945-இல் அங்கே குழாயில் விட்ட தண்ணீரில் பெரும்பகுதி ஒழுகியே போனதாம். தெருத் தெருவாக ஒழுகலைத் தேடி அடைத்து, இப்போது சில சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், அதுவும் ஊர் பெருத்துக்கொண்டே இருந்த வருடங்களில். சொன்னேன். அண்ணன், "அது ஜப்பான்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 18

மூன்று மணி நேரம் வரிசை. மூச்சுப் பரிசோதனை பத்து நிமிடம்.

மார்ச் 19

நேற்றைக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை, அவ்வளவு கோபம். திரும்பி வரும்போது மேம்பாலத்தின் மேல் வண்டி நகராமல் நின்றது. இதைக் கட்டும்போது நெரிசல் தீரும் என்றார்கள். அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962-லேயே எழுதிவிட்டார், நெருக்கடி நேரத்தில் புதுச்சாலை கொள்ளும் அளவுக்கு வண்டிகளும் வந்து நிரப்பிவிடும் என்று. 2011-இல் டுரன்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்கப் பெருநகரங்களின் கணக்கைப் பார்த்துவிட்டு, சாலை நீளம் கூடும் அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். சிங்கப்பூர் 1975-இலேயே நகர மையத்துக்குள் வரும் காருக்குக் கட்டணம் வைத்தது, ஸ்டாக்ஹோம் 2006-இல் சோதித்துப் பார்த்து மறு வருடம் நிரந்தரமாக்கியது. பேருந்துக்குத் தனிப் பாதை விடுவதற்குக் கோடி கோடியாகவா செலவாகும்? பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974-இலேயே விட்டுக் காட்டிய விஷயம் அது.

சரி, அதெல்லாம் இருக்கட்டும். வண்டிக்குள் அம்மா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முன்னால் நின்ற லாரியின் புகை நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது, ஜன்னலை ஏற்றினால் மூச்சு முட்டுகிறது என்கிறாள், இறக்கினால் இருமுகிறாள். காற்றில் நுண்துகள் வருடச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2021-இல் வரம்பைப் பாதியாகக் குறைத்தது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 எந்தப் பெருநகரத்தில் இருக்கிறது?

மார்ச் 21

இன்றைக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: எல்லோரும் போய்விட்டால் தேவலை என்று இருக்கிறது.

மார்ச் 24

போர்வெல்லை ஆழப்படுத்த வேண்டுமாம், கூட்டம் போட்டார்கள். ஒரு கட்டடம் ஆழப்படுத்தினால் பக்கத்துக் கட்டடத்துக்கு நீர் இறங்குகிறது, அவர்களும் இறங்குகிறார்கள், அப்புறம் நாங்கள். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இப்படி உறிஞ்சி உறிஞ்சித்தான் நிலமே அமிழ்ந்தது, வடபகுதி கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. 2019-இல் தலைநகரத்தையே வேறு தீவுக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். தலைநகரத்தை மாற்றலாம், அங்கே இருக்கிற கோடிக்கணக்கான பேரை எங்கே மாற்றுவது? மெக்சிகோ நகரத்தில் சில இடங்கள் வருடத்துக்கு அரை மீட்டர் வரை இறங்குகின்றன. மண் அப்படி இறங்கினால் புதைத்த குழாய் நெளிந்து உடையாமல் என்ன செய்யும். மறுபடி குழாய்க்கே வந்துவிட்டேன்.

மார்ச் 27

கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 3.5 சதவீதம் வளரும் ஊர் 20 வருடத்தில் இரட்டிப்பாகும், 5 சதவீதம் என்றால் 14 வருடம். ஒரு அணையோ ரயில் பாதையோ திட்டமிட்டு, நிலம் எடுத்து, வழக்கு முடித்து, கட்டி முடிக்கவே பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும். திறந்து வைக்கும் நாளிலேயே பற்றாக்குறை. நைஜீரியாவின் லாகோஸ் 1950-இல் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்த ஊர், இன்று கோடிக்கு மேல். இரண்டே தலைமுறை! அந்த ஊரில் குழாய் வராத வீடுகளைப் பார்த்து யாரைக் குறை சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனும் அப்படித்தான். 1995-க்குப் பிறகு மக்கள் தொகை ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது, அணைகளின் கொள்ளளவு 15 சதவீதம்தான் கூடியது. வறட்சிதான் முக்கியக் காரணம், ஆனாலும் மூன்று வருடம் மழை பொய்த்தபோது தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. மக்கள் தண்ணீர்ச் செலவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மனுசன் சொன்னால் கேட்பான், முன்கூட்டியே, உண்மையாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 30

கீழே பிள்ளைகள் படிக்கட்டில் விளையாடுகிறார்கள். விளையாடிய இடம் பார்க்கிங் ஆகிவிட்டது. ஒரு சின்னவள் என்னிடம் வந்து, "சத்தம் போட்டா பாட்டிக்கு இருமல் வருமா?" என்று கேட்டாள். போடு கண்ணு, நன்றாகப் போடு என்றேன்.

ஏப்ரல் 2

வெக்கை. நடுராத்திரியிலும் சுவர் சுடுகிறது. பகலில் கான்கிரீட் வாங்கி வைத்த சூட்டை இரவெல்லாம் விடுகிறது, போதாக்குறைக்குப் பக்கத்துக் கட்டடத்து ஏசிகள் எல்லாம் எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊதுகின்றன. லண்டன் சுற்றுப்புறத்தைவிட ராத்திரியில் கூடுதலாகச் சூடாக இருக்கிறது என்று லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆய்வாளர் இருநூறு வருடத்துக்கு முன்பே அளந்து எழுதிவைத்தார். எதிர் மனையில் அந்த மரங்கள் இருந்தவரை மாலையில் ஒரு காற்று வரும்.

அம்மா ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். அங்கே ஸ்கேனே கிடையாது அம்மா என்றேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 5

தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் 9

முடிந்தது. உள்ளே இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முடிவு திங்கள்கிழமைக்கு மேல்தானாம், படம் பார்த்து எழுதும் மருத்துவர் நாலு மருத்துவமனைக்கு ஒருவர்.

ஏப்ரல் 10

தெருவில் கறுப்புத் தண்ணீர். அதே இடம்தான், அந்தக் குழாய்தான். 16 மாடியில் இன்னும் ஒரு ஆள்கூடக் குடிவரவில்லை, வேலையாட்களின் கொட்டகை மட்டும்தான் இணைந்திருக்கிறது, அதற்கே பொங்கிவிட்டது. மேல்வீட்டு அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து போனார், போகும்போது என்னைப் பார்த்து, "எழுதுப்பா, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஏப்ரல் 11

மனு எழுத உட்கார்ந்தேன். கட்டடம் வேண்டாம் என்று எழுதச் சொல்கிறார்கள் சிலர், அதற்கு நான் உடன்படவில்லை. தெருக் குழாயை மாற்றி, அது எவ்வளவு தாங்கும் என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் குடியேற அனுமதி தர வேண்டும் என்று கேட்போம், வரப்போகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. முதல் பத்தி முடிந்துவிட்டது. குழாய் எந்தச் சந்திப்பில் போய்ச் சேர்கிறது, அங்கே என்ன அளவு என்று தெரியாமல் இரண்டாவது பத்தி எழுத முடியாது. மேஸ்திரி பழைய வரைபடம் ஒன்று வைத்திருக்கிறாராம், காலையில் வேலை தொடங்குவதற்குள் வந்தால் காட்டுகிறேன் என்றார்.