மாரிக் களப்பும் உள்ளான்களும்

நாங்கள் படித்த காலத்தில் திருக்கோணமலைக் கரையில் நின்ற பறவைக்கெல்லாம் நாலே பெயர்தான்: கொக்கு, நாரை, உள்ளான், கடற்காகம். உள்ளான் என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பதினைந்து இனம் ஒளிந்திருந்ததும், அவற்றிற் சில சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு எங்கள் சேற்றுக்கு வந்தவை என்பதும் பிறகுதான் தெரிந்தது. மார்கழி விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் ஜனவரி முதலாம் திகதியை இவற்றுக்கு ஒதுக்கலாம். ஆவணி, புரட்டாதியில் வரத் தொடங்கும் பறவைகள் சித்திரை வரை நிற்கும். ஆனாலும் மாரி நடுவில்தான் கூட்டம் நிறைவு.

இங்கிலாந்தில் பறவை பார்த்துப் பழகியவர்கள் முதலில் வற்றுப்பெருக்கு நேரத்தைத் தேடுவார்கள். தேம்ஸ் முகத்தில் கடல் ஐந்து மீற்றர் வரை ஏறி இறங்கும். அங்கே அது சரி. திருக்கோணமலையில் பூரணை நாளில்கூட ஒரு மீற்றர் வராது. இங்கே சேற்றைத் திறப்பதும் மூடுவதும் மழை. கொசு உள்ளானின் கால் இரண்டு சென்ரிமீற்றர்தான். களப்பில் (கடலோர உப்புநீர் ஏரியில்) நாலு விரற்கடை தண்ணீர் கூடினால் அதற்கு அங்கே சாப்பாடில்லை. நெடுங்கால் உள்ளானும் நாரையும் மட்டும் நிற்கும். "போன வருடம் ஆயிரக்கணக்கில் நின்றதே, இந்த முறை ஒன்றையும் காணோம்" என்று பலர் திரும்பி வருவது இதனால்தான். பறவை அழியவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது.

அதனால் முதல் நாளே விசாரிக்க வேண்டும். வலை காயவிடுகிற ஒருவரிடம் "காக்கா (அண்ணன்), முகத்துவாரம் வெட்டி எத்தனை நாள்?" என்று கேட்டால் போதும். மணற்திட்டு உடைந்து தண்ணீர் கடலுக்கு ஓடி, ஓரத்தில் ஈரச்சேறு வெளிப்பட்டிருக்கிற சில நாட்கள்தான் பொன்னானவை. சின்னக் களப்பெல்லாம் தளும்பி நின்றால் வடக்கே போய்ப் பயனில்லை; கொட்டியாரக்குடாவோடு நேரே தொடுப்புள்ள கிண்ணியா, உப்பாறுப் பக்கம் போங்கள். 2009க்கு முன் நாட்டை விட்டவர்களுக்குக் கிண்ணியா என்றால் பாதையில் (வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடந்த துறைதான் நினைவு. இப்போது 396 மீற்றர் பாலம்.

அடுத்தது வெயில். எங்கள் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஆகவே காலையில் களப்பு, மாலையில் கடல். ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய 6.20க்கு உதிக்கும். ஐந்தே முக்காலுக்கு நகரிலிருந்து புறப்பட்டால் நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம். றோட்டுக்கு மேற்கே களப்பு. வெயில் முதுகில் விழும். பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்தாதீர்கள், அந்தத்தில் இறங்கி நடவுங்கள். பத்து மணிக்குப் பிறகு சேற்றின்மேல் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியானாலும் அப்போது அலகின் வளைவு தெரியாது.

சேற்றில் நிற்கிற சின்ன உருவங்களை நிறத்தால் பிரிக்கப் பார்த்தால் தோல்விதான், மாரியில் எல்லாம் சாம்பலும் வெள்ளையும். நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளான் நிற்பதேயில்லை, தையல் மெசின் ஊசி போலக் கொத்திக்கொண்டே போகும். உப்புக்கொத்தியின் பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை சுற்றியிருந்தால் கெண்டிஷ் உப்புக்கொத்தியாக இருக்கலாம். பட்டை இல்லாமல் மண்ணிறமாகவே இருந்தால் மணல் உப்புக்கொத்தி. அலகு கீழே வளைந்து, பறக்கும்போது இடுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். சிவந்த காலோடு எழும்பிப் பறக்கையில் இறகின் பின்விளிம்பு வெள்ளை அடித்தால் பவளக்காலி. பச்சைக்காலியைக் கண்ணைவிடக் காது முதலில் பிடிக்கும்: "தியூ தியூ தியூ" என்று மூன்று முறை.

வலைக்கம்புகளைத் தவறவிடாதீர்கள். கடல் கொந்தளிக்கும்போது ஆலாக்கள் உள்ளே வந்து அவற்றில்தான் குந்தும். கடற்காகம் அளவு உடம்பும் சிவப்பு அலகும் என்றால் காஸ்பியன் ஆலா. மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலா, செம்மஞ்சள் அலகு சின்னது.

கருவிகளில் நடக்கும் பிழை இரண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து பைனாகுலரை நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி பனிபிடித்து, விடியலின் நல்ல கால்மணி நேரம் போய்விடும். எழும்பியவுடன் பையைத் திறந்து விறாந்தையில் வையுங்கள். மற்றது உப்பு. வாடைக்காற்று கடற்தூவலைக் கண்ணாடியில் படியவிடும். அதைச் சாரத் தலைப்பால் தேய்த்தால் உப்புப் பரல் கீறிவிடும். நீர் புகாத கருவியென்றால் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். எட்டு மடங்கு உருப்பெருக்கம் போதும். பத்து மடங்கு வாடையில் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். தொலைநோக்கி வைக்கும் முக்காலியைப் பதித்து வைத்து, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். கண்ணாக்காட்டு (அலையாத்திக் காட்டு) சேற்றில் றப்பர் செருப்பு உள்ளேயே தங்கிவிடும், பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. கடற்படை, விமானப்படை முகாம்கள் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

மதியம் தம்பலகாமம் வயல். பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும், மேலே மீசை ஆலா தாழப் பறந்து பூச்சி பொறுக்கும். நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவுக்கு இந்த மாதத்தில் ஆசைப்படாதீர்கள், அந்தக் கடல் வள்ளத்துக்கானதல்ல.

நாலு மணிக்குச் சுவாமிமலை, கோணேசர் கோயில் நிற்கிற பாறை. கோட்டை மான்களைத் தாண்டி மேலே ஏறினால் வெயில் முதுகுக்குப் பின்னால், கடல் முழுவதும் தெளிவு. வெண்வயிற்றுக் கடற்கழுகு பாறையை ஒட்டி வரும்போது கண்மட்டத்துக்கும் கீழே அதன் முதுகு தெரியும். அப்படிப் பார்க்கிற வாய்ப்பு வேறு கரைகளில் அரிது. செம்பருந்து அதைவிடச் சின்னது, தலை வெள்ளை, உடம்பு செங்கல் நிறம். ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. உங்கள் குறிப்பும் அதே மாதத்தினது என்பதால் ஒப்பிட உதவும். கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பறந்துவிட்டால் மதிப்பிட்டு "சுமார்" என்று எழுதுங்கள். வெறும் களப்புக்கும் ஒரு வரி போடுங்கள்: இடம், நேரம், "பறவை இல்லை", பாலத்தூணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது.