பால்குடம் எடுத்த மறுநாள் வீங்கிய கால்

2019 தைப்பூசத்துக்கு மலேசியாவில், ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் பால்குடம் எடுத்தேன். அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. வெறுங்காலோடு வெயிலில் நடை. மறுநாள் இரவு இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரலின் அடிமூட்டு நெருப்பை வைத்ததுபோல் எரிந்து, விழிப்பு வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது. போர்வையின் நுனி பட்டாலே உயிர் போனது. காற்றாடிக் காற்று பட்டாலும் தாங்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து அதை நிறுத்தினார். வேர்க்க வேர்க்க விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கல் குத்தியிருக்கும் என்றார்கள், கண் பட்டிருக்கும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா தைலம் போட்டு உருவிவிட்டார். அன்போடுதான் செய்தார், ஆனால் சூடாக வீங்கிய மூட்டை உருவவே கூடாது. அன்று நான் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். ஒரு கிளினிக்கில் கிருமி என்று சொல்லி மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி போனது. நானும் அதை மறந்துவிட்டேன். அது கௌட், அதாவது உடம்பின் கழிவான யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் நோய் என்று தெரிய மூன்று வருடம் ஆனது.

எனக்கு அப்போது 55 வயது. பிறந்தது பால்மரத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகு சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில் வீடு, தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை. காலை நாலரைக்கு நாசி லெமாக்குக்கு அடுப்பு மூட்ட வேண்டும். நின்றபடியே வேலை. கால் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை.

எட்டு மாதம் கழித்து இடது கணுக்காலில் வந்தது. அடுத்த வருடம் முழங்கால். கௌட் என்ற பேச்சே எழவில்லை. அது குடிக்கிற ஆம்பளைகளுக்கு வருவது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும் உட்பட. என் தம்பிக்குத்தான் அது இருந்தது, அவன் குடிப்பான். நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஒரு முறை வலி உச்சத்தில் இருந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் அமிலம் சரியாகத்தான் இருக்கிறது, கௌட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலி வந்திருக்கும் நேரத்தில் ரத்தத்தில் அந்த அளவு இறங்கியிருக்கலாம், வலி அடங்கி இரண்டு வாரமாவது போனபின் மறுபடி பார்க்க வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்த ஒரு காகிதத்தை நம்பி நான் இரண்டு வருடம் இழந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில்தான் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு காப்ஸ்யூல் வாங்கினேன். மூலிகை என்றார்கள். ஒரே நாளில் வலி காணாமல் போனது. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டேன். முகம் உருண்டு திரண்டது. பார்த்தவர்கள் ‘நல்லா இருக்கீங்களே’ என்றார்கள். கையில் லேசாக இடித்தாலும் நீலம் பாரித்தது. இனிப்பு நீர் நோய் இல்லாத எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ரத்தக் கொதிப்புக்காக அரசாங்கக் கிளினிக்குக்குப் போன அன்று அங்கிருந்த இளம் டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும், ‘ஆன்ட்டி, வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க?’ என்றுதான் முதலில் கேட்டார். பையிலிருந்த புட்டியை எடுத்துக் காட்டினேன். அதில் MAL என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண்ணும் இல்லை, ஹோலோகிராமும் இல்லை. இப்படிப்பட்ட வலி மருந்துகளில் வீக்கத்தைச் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது என்றார். உடனே நிறுத்திவிடுகிறேன் என்றேன். ‘அதையும் நீங்களா செய்யாதீங்க’ என்று தடுத்தார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துவிடுமாம். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. அளவு தெரிந்த மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

அந்த டாக்டர்தான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே முழங்காலிலிருந்து ஊசியால் நீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள். கௌட்தான், சந்தேகமே இல்லை என்றார்கள். அழுகை வந்தது. நோய் வந்ததற்காக அழவில்லை, மூன்று வருடம் கழித்து அதற்கு ஒரு பெயர் கிடைத்ததே என்றுதான் அழுதேன்.

எனக்கு ஏன் வந்தது? மாதவிடாய் நிற்கும்வரை பெண்களின் ஹார்மோன், யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளிவிட உதவுகிறது. நின்றபின் அந்தக் காவல் போய்விடுகிறது. போதாதற்கு ரத்தக் கொதிப்புக்கு நான் பல வருடமாகச் சாப்பிட்ட, நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு மாத்திரையும் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதை மாற்றி லோசார்ட்டான் கொடுத்தார்கள். அது கொதிப்பையும் பார்த்துக்கொள்ளும், யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். என் குடும்பத்திலும் இந்த நோய் இருந்திருக்கிறது. லயத்தில் ஒரு பெரியப்பாவின் விரல் கணுக்களிலும் காது மடலிலும் வெள்ளைக் கட்டிகள் இருக்கும். ஒரு நாள் ஒரு கட்டி உடைந்து சுண்ணாம்புபோல் வழிந்தது. பால் வெட்டிய கை சுண்ணாம்பாகிவிட்டது என்று எங்களுக்குச் சொன்னார்கள். அது படிந்து இறுகிய யூரிக் அமிலம் என்று எனக்கு 58 வயதில்தான் புரிந்தது.

மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தது. நான் கேண்டீன்காரி என்று தெரிந்ததும் அது கேட்டது: ‘அம்மா, சிராப் தண்ணியில சீனி போட்டுக்கிட்டே போனா என்ன ஆகும்?’ ஓர் அளவுக்குமேல் கரையாது, அடியில் தங்கும் என்றேன். ‘அதேதான்’ என்றது. யூரிக் அமிலம் லிட்டருக்கு 400 மைக்ரோமோலைத் தாண்டினால் ரத்தத்தில் கரையாமல் மூட்டில் தங்க ஆரம்பிக்கும். வலி இல்லாத மாதங்களிலும் தங்கிக்கொண்டேதான் இருக்கும். என் எண் 548. அதை 360க்குக் கீழே இறக்கி அங்கேயே வைத்திருந்தால் தங்கியது மெல்லக் கரையும். கட்டி விழுந்தவர்களுக்கு 300க்குக் கீழே வேண்டும்.

அதற்கான மருந்து அலோபியூரினால். தினம் 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்கள். அரிதாக வரும், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் மாதங்களில் கைகால் தோலைத் தினமும் மகள் பார்த்துச் சொல்வாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கூடவே, வீக்கம் கிளம்பாமல் இருக்க ஒரு காவலுக்குக் கோல்சிசின் 0.5 மில்லிகிராம்.

ஆறாவது வாரம் அதே பெருவிரல் மறுபடி வீங்கியது. நோயைத் தீர்க்கிற மருந்து நோயைக் கிளப்புகிறதே என்று எனக்கு ஆத்திரம். இரண்டையும் நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டுவிட்டிருப்பேன். மகள்தான் என்னைக் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் திட்டவில்லை. படிந்தது கரையும்போது அசைந்து கலங்கும், அதனால் முதல் ஆறு மாதம் இப்படி வரலாம், மருந்து வேலை செய்கிறது என்று பொருள் என்றார். வலி வந்தால் வலிக்கு மருந்து எடுங்கள், அலோபியூரினாலைத் தொடாதீர்கள், அது பாட்டுக்கு ஓடட்டும் என்றார். இதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அதன்பின் நிறுத்தவில்லை. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து அளவைக் கூட்டினார்கள். 470, 415, அப்புறம் 300 மில்லிகிராமில் 352. இப்போது 318. ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் ஏழு மணிக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும். மருந்து ஆயுசுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கொதிப்பு மாத்திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பருப்பு ஆகாது, கீரை ஆகாது என்று ஒரு வருடம் சாம்பாரே இல்லாமல் இருந்தேன். வீண்தான். பருப்பும் கீரையும் கௌட்டைக் கூட்டுவதில்லை. குறைக்க வேண்டியவை ஈரல், குடல், நெத்திலி, சார்டின், இறால், பீர். இனிப்புத் தண்ணீரும் இதில் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. கேண்டீனில் நாள் முழுக்க நான் குடித்தது சிராப்பும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே டீயும்தான். அதை நிறுத்தி வெறுந்தண்ணீருக்கு மாறினேன், சீனி போடாத காப்பி இரண்டு வேளை. ஆனால் சாப்பாட்டை மட்டும் மாற்றி 548ஐ 360க்குக் கொண்டுவர முடியாது. யூரிக் அமிலத்தில் பெரும்பங்கை உடம்பே உண்டாக்குகிறது. வாயைக் கட்டவில்லை, அதனால்தான் வந்தது என்று நோயாளியைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

கடைசியாக வலி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்தால் என்ன செய்வது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது: காலைத் தூக்கி வை, துணியில் சுற்றி ஐஸ் வை, கோல்சிசினை முதல் சில மணி நேரத்துக்குள் போடு. எத்தனை மாத்திரை என்பது என் சிறுநீரகத்தைப் பார்த்து எனக்கு எழுதியது, அதனால் அதை இங்கே சொல்லவில்லை.

தம்பி கோலகங்சாரில் இருக்கிறான். போன மாதம் அவன் காது மடலைப் பார்த்தேன், அரிசி மணி அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளி. வலிக்கும்போது ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்கிறான். நான் பெரியப்பா கையை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். வரும் புதன்கிழமை கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டேன். விடியற்காலையில் கிளம்பினால் ஏழு மணிக்குள் அவன் ஊர்க் கிளினிக்கில் நம்பர் எடுத்துவிடலாம்.