கொடைக்கானலில் இருந்து தூத்துக்குடிக்கு, கார் கூரையில் ஒரு கயாக்

பொங்கல் கழிந்த அடுத்த வாரம். கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஒரு தோட்டம், காலை ஏழு மணி. புல் முழுக்கப் பனி. குளத்தங்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஆரஞ்சு நிறக் கயாக்கை நானும் என் மச்சினனும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். கயாக் என்றால் துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு. இது இரண்டு பேர் உட்காரும், மேல்தளம் மூடிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக் கயாக். நீளம் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 36 கிலோ. தோட்டக்காரர் ஊரை விட்டுப் போவதால் விற்றுவிட்டார். மச்சினனுக்குத் தூத்துக்குடியில் கடலில் ஓட்ட ஒன்று வேண்டும் என்று பல வருட ஆசை. விலை பேசியதெல்லாம் போனிலேயே முடிந்தது. மலையிலிருந்து இறக்கிக் கடற்கரை வரை கொண்டுபோவதுதான் எங்கள் பொறுப்பு.

36 கிலோ என்றால் ஒரு அரிசி மூட்டையை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். மூட்டை உடம்போடு ஒட்டி வரும், கயாக் வராது. நான்கு மீட்டர் நீளத்துக்கு வழுவழுவென்று, பிடிக்க இடமில்லாமல் இருக்கும். ஒரு முனை கொஞ்சம் அசைந்தால் மறுமுனை எங்கேயோ போய் இடிக்கும். இரண்டு பேரும் காரின் பக்கவாட்டில் நின்று ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தோம். ஈரப் புல்லில் என் கால் வழுக்கியது. கயாக்கின் அடிப்பகுதி காரின் கதவு விளிம்பில் தேய்ந்துகொண்டு இறங்கியது. பெயிண்டில் ஒரு கோடு விழுந்தது, என் இடுப்பில் ஒரு பிடிப்பு விழுந்தது. பிடிப்பு விட இரண்டு வாரம் ஆனது.

தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யூக்கலிப்டஸ் கட்டைகளை லாரியில் ஏற்றிப் பழகியவர். கிட்டே வந்து, “முழுசாத் தூக்காதீங்க தம்பி. ஒரு முனைய மட்டும் தூக்குங்க, மத்த முனையத் தரை தாங்கிக்கும்” என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டதில் பெரியது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொன்னபடி கயாக்கைக் காரின் பின்பக்கம், காருக்கு நேராக, கவிழ்த்த நிலையில் கிடத்தினோம். இரண்டு பழைய சாக்கை முறுக்கிச் சும்மாடு மாதிரி சுருட்டி, கார் கூரையில் மாட்டியிருந்த கேரியரின் பின் கம்பியில் அவரே கட்டினார். டிக்கிக் கதவின் மேல்விளிம்பில் கம்பளி ஒன்றை மடித்துப் போட்டார். முதலில் முன்முனையை மட்டும் தூக்கிச் சும்மாட்டின் மேல் சாய்த்தோம். பின்முனை தரையில் ஊன்றியிருந்ததால் கைக்கு வந்தது பாதி எடை, சுமார் 18 கிலோ. பிறகு பின்னால் போய் அந்த முனையைத் தூக்கி முன்னோக்கித் தள்ளினோம். பாரத்தை இப்போது கம்பி சுமக்க, கயாக் அதன் மேல் சறுக்கிக்கொண்டு தானாகவே முன்னேறி உட்கார்ந்தது. ஒருவர் தள்ள, ஒருவர் பக்கத்தில் நின்று வழிகாட்டினால் போதும். மச்சினன் கடற்கரைக்காரன், அதனால் முன்முனைக்கு அணியம், பின்முனைக்கு அமரம் என்றுதான் சொல்வான். “அத்தான், அணியம் கொஞ்சம் இடப்பக்கம் போகுது” என்று அவன் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன்.

கவிழ்த்து ஏற்றியதற்குக் காரணம் உண்டு. நிமிர்த்தி வைத்தால் மழையோ பனியோ இருக்கைப் பள்ளங்களில் தேங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூரைக்கு அந்தக் கூடுதல் பாரம் ஆகாது. என் காரின் கையேட்டில் கூரைக்கு 50 கிலோதான் அனுமதி, அதுவும் கேரியரின் எடையைச் சேர்த்து. கேரியர் 5 கிலோ, கயாக் 36, ஆக 41. துடுப்புகள், லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே போட்டோம். கிளம்பும் முன் இந்தக் கணக்கை எல்லோருமே போட்டுப் பார்க்க வேண்டும். காரின் கையேட்டில் இருக்கும் எண்ணையும் கேரியர் தயாரித்தவர் சொல்லும் எண்ணையும் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கட்டுவது. ஏற்றுவதை விட இதில்தான் நிறைய நேரம் போனது, போகவும் வேண்டும். நடுவில் இரண்டு பெல்ட்டுகள். முதலில் நான் கொண்டு போயிருந்தது கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேட்சட் பெல்ட். அதன் பலத்துக்கு அளவே இல்லை. பாலிஎதிலீன் உடம்பில் நான்கைந்து ஆட்டு ஆட்டியதும் பள்ளம் விழ ஆரம்பித்தது. உடனே கழற்றிவிட்டு, பக்கிளில் நுழைத்துக் கையால் இழுக்கும் சாதாரணப் பெல்ட்டுக்கு மாறினோம். கையால் இழுக்க முடிந்த அளவு இறுக்கமே இதற்குப் போதும். பெல்ட் கயாக்கின் மேல் சுற்றி வந்து கேரியர் கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடித்து ஆட்டினால் கயாக் தனியாக ஆடக்கூடாது, காரே ஆட வேண்டும். அதுதான் சோதனை.

அணியத்தில் இருந்து முன் பம்பரில் வண்டியை இழுக்க மாட்டும் கொக்கிக்கு (டோ ஹூக்) ஒரு கயிறு, அமரத்தில் இருந்து பின்னால் ஒரு கயிறு. எதிர்க்காற்று அணியத்தின் அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். நடுவில் இருக்கும் பெல்ட்டுகளால் மட்டும் அதைத் தாங்க முடியாது. பெரியவர் இங்கேயும் உதவினார். லாரியில் தார்ப்பாய் கட்டுவார்களே, கயிற்றின் நடுவில் ஒரு கண் எடுத்து, நுனியைக் கொக்கியில் சுற்றி அந்தக் கண்ணுக்குள் விட்டுக் கீழே இழுப்பது, அந்த முடிச்சு. கொஞ்சம் இழுத்தாலே நன்றாக இறுகும், அவிழ்ப்பதும் சுலபம். மூன்று முறை போட்டுக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன். டீ குடிக்கக் காசு கொடுத்தோம், வாங்கவில்லை. “பத்திரமாக் கொண்டு போங்க” என்றார்.

ஒன்பதரைக்குக் கிளம்பி, ஏரிக்கரையில் ஒரு டீக்கு நிறுத்தினோம். கொடைக்கானல் ஏரி 1863-இல் உருவானது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் முன்னின்று அமைத்து, மீன் விட்டு, முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்தார். தூத்துக்குடியிலிருந்து! மச்சினன் அதைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டான். அந்தக் காலத்தில் வண்டி ஏறும் மலைச்சாலை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் ஒற்றைப் பாதைதான். துரைமாரையே டோலியில் வைத்துத்தான் சுமந்து ஏறினார்கள். அந்தப் படகும் யாரோ ஊர்க்காரர்களின் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். 2,100 மீட்டர் உயரம், தலையில் சும்மாடு, மேலே படகு. அவர்களின் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை. எங்கள் 36 கிலோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

மலை இறக்கத்தில் முதலில் கேட்டது ஒரு சத்தம். கூரையில் யாரோ விடாமல் ஊதுவதைப் போல ‘ம்ம்ம்ம்’ என்று. இழுத்துக் கட்டிய தட்டைப் பெல்ட்டில் காற்று பட்டு அதிர்வதுதான் அது. ஓரம் கட்டி, ஒவ்வொரு பெல்ட்டையும் தளர்த்தி ஒரு முறுக்கு விட்டுத் திரும்ப இறுக்கினோம். சத்தம் நின்றது.

எட்டு கிலோமீட்டரில் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் இங்கே சுமார் 55 மீட்டர் விழுகிறது. எல்லோரும் போட்டோவுக்கு நிறுத்த, நாங்கள் கயிற்றைப் பார்க்க நிறுத்தினோம். நல்ல வேளை. முன்கயிறு தொய்ந்து பானட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டும்போது கல் மாதிரி இருந்த நைலான் கயிறு, பனியிலும் மூடுபனியிலும் நனைந்து நீண்டுவிட்டது. நைலானின் குணம் அது. இன்னும் தொய்ந்து முன்சக்கரத்தில் சிக்கியிருந்தால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்கியது. மச்சினன் படகுக்கு வாங்கி வைத்திருந்த பாலிப்ரொப்பிலீன் கயிறு டிக்கியில் இருந்தது. அது தண்ணீர் குடிக்காது. அதை மாற்றிக் கட்டி, மிச்ச நுனியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தோம். இதற்குள் குரங்குகள் இரண்டு கயாக் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. வாழைப்பழ வண்டி வந்து அவற்றை இறக்கி வைத்தது.

பெருமாள்மலை, ஊத்து தாண்டி இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். கூரையில் பாரம் இருந்தால் வளைவில் வண்டி சாய்வது தனியாகத் தெரியும். எப்போதும் திரும்பும் வேகத்தில் பாதி போதும் என்று வைத்துக்கொண்டேன். ஏறி வரும் பஸ்களுக்கு முன்கூட்டியே ஒதுங்கி நின்றேன். வழிவிட வேண்டியவர்கள் இறங்குபவர்கள்தான். மச்சினன் ஜன்னல் வழியே தாழ்ந்த கிளைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். டம் டம் பாறையில் நின்று எலிவால் அருவியையும் கீழே மஞ்சளாறு அணையையும் பார்த்தோம். மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிக் கயிறுகளைத் தட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தன.

வத்தலக்குண்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. காலையில் பல் கிட்டிய குளிரிலிருந்து இருபது டிகிரிக்குக் குறையாத வித்தியாசம். அந்த அளவு சூட்டுக்கு நான்கு மீட்டர் பாலிஎதிலீன் சுமார் 1 சென்டிமீட்டர் நீளும், கூடவே இளகவும் செய்யும். முன்பின் கயிறுகள் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தன. கொஞ்சம் தளர்த்தினோம். சாப்பிடும் நேரம் முழுக்க வண்டியை வேப்பமரத்து நிழலில்தான் விட்டோம். இறுக்கிக் கட்டிய நிலையில் வெயிலில் நின்றால் கம்பி படும் இடத்தில் பள்ளம் நிரந்தரமாகிவிடும். மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று மீதி வழி நேர்ச்சாலை, 70-ஐத் தாண்டவில்லை.

தூத்துக்குடி போய்ச் சேர இருட்டிவிட்டது. மாமா வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, கயாக்கின் அடியில் உள்ளங்கையால் அணியம் முதல் அமரம் வரை தடவிப் பார்த்தார்.

“எத்தன பேர் சேர்ந்து ஏத்துனீங்க?”

“மூணு பேர் மாமா” என்றேன்.

கயிறுகளை அவிழ்த்து, பின்கம்பியில் சும்மாடு அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அமரத்தைப் பின்னுக்கு இழுத்து முதலில் தரையில் ஊன்றினோம்.